வழக்கத்தை உடைத்த அய்யன்காளி

பழக்க வழக்கம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நாமே கைக்கொண்டது பழக்கம். ஆனால், வழக்கம் என்ற பெயரில் பிறர் நம்மீது சுமத்தியவையும் தலைமுறைகள் கடந்தபின் நம் இயல்பே போலத் தோன்றிவிடுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிந்து வாழ்ந்து காட்டிய ஒருவர், நம் ஆழ்வார்திருநகரிக்குத் தென்மேற்கே, நாஞ்சில் நாட்டுக்கு அப்பால் பிறந்தார்.

திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில், 1863 ஆகஸ்டு 28-ஆம் நாள், புலையர் குடியில் அய்யன், மாலா என்போரின் மகனாகத் தோன்றியவர் அய்யன்காளி. அன்றைய திருவிதாங்கூரில் அம்மக்களுக்குப் பொதுச் சாலை மறுக்கப்பட்டிருந்தது, பள்ளியும் மறுக்கப்பட்டிருந்தது. அய்யன்காளிக்கு எழுத்து வாசனை கிட்டவில்லை.

1893-இல் அவர் இரண்டு காளைகளும் ஒரு வில்வண்டியும் வாங்கினார். வெள்ளாடை உடுத்தி, தலைப்பாகை கட்டி, காளைகளின் கழுத்துமணி ஒலிக்கப் பொதுச் சாலையில் வண்டியை ஓட்டினார். தடுத்தவர்களுக்கு அவர் அஞ்சவில்லை. பின்னர் இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு தெருக்களில் நடந்தபோது அடிதடியும் நேர்ந்தது. ஆயினும் நடப்பதை நிறுத்தவில்லை.

1904-இல் அவர் எழுப்பிய பள்ளிக் குடிசை இரவோடிரவாகக் கொளுத்தப்பட்டது, மீண்டும் கட்டினார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். நம் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு ஆணையிட்டும் பள்ளிக்கூடங்கள் இணங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையெனில் வயலில் வேலையும் இல்லை என்று உழவுத் தொழிலாளர்கள் கை நிறுத்தினார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்டுப் பழகிய நமக்கு, கைகள் நின்றால் வயல் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. களை மண்டியது. குடிசைகளில் பட்டினி. கடற்கரை மீனவர்கள் தங்கள் தொழிலில் அவர்களைச் சேர்த்துக்கொண்டு துணை நின்றார்கள். அவ்வுதவியை மறத்தல் ஆகாது. இறுதியில் அரசு தலையிட, உடன்பாடு ஏற்பட்டது. இருப்பினும் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளியில் அமர்த்தியபோது, பள்ளிக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த பலகை ஒன்று அப்பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இவை யாவும் பிறர் அடைத்த கதவுகள். கழுத்தில் கிடந்த கல்மாலையின் செய்தி வேறு. அடிமைக் குடியின் அடையாளமாகப் பெண்கள் அணிந்த மாலை அது. பிறந்தது முதல் அணிந்ததை அணிகலன் என்றே கருதியவர்களும் இருந்திருப்பார்கள். 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அதைக் கழற்றச் சொன்ன கூட்டம் தாக்கப்பட்டது, குடிசைகள் எரிந்தன. பின்னர் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூடிய மாநாட்டில், அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுப் பெண்கள் கதிர் அரிவாளால் தம் மாலைகளை அறுத்தெறிந்தார்கள். தலைமை தாங்கியவர் நாயர் குலத்தவரான சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை. அந்த மாலையை அறுக்க எத்துணை நெஞ்சுறுதி வேண்டியிருந்திருக்கும் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார்களை அறிந்தவர்களே உணர்வார்கள்.

அறுத்தெறிவதோடு அய்யன்காளி அமைதியுறவில்லை. குடியை விடவும், தூய்மை பேணவும், ஒழுங்காகச் சங்கக் கூட்டத்துக்கு வரவும் மக்களைப் பழக்கினார். எழுதத் தெரியாத அவர், ஸ்ரீமூலம் பிரஜா சபையில் இருபத்தைந்து ஆண்டுகள் அளவில் உறுப்பினராக அமர்ந்து, நிலத்துக்காகவும் கல்விக்காகவும் வாதாடினார்.

1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறக் காணவேண்டும் என்பதையே தம் விருப்பமாகத் தெரிவித்தார். 1941 ஜூன் 18-இல் மறைந்தார்.

நம் சங்கத்தின் துணையால் பட்டம் பெற்றவர்களின் பெயர்கள் இவ்வெள்ளிவிழா மலரில் இடம்பெறுகின்றன. ஒன்பதாம் வகுப்போடு நின்று அறுவடைக்குப் போனவர்களின் பெயர்கள் இல்லை. அவர்களின் வீடுகளுக்கு ஒரு முறை சென்று வந்தோம். இந்தப் பள்ளித் திறப்புக்கு முன் மீண்டும் செல்ல இருக்கிறோம்.