எண்ணெய்க் குவளை ஏந்திய பொறியாளர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

நீராவி இரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜேம்ஸ் வாட் பெயரும் ஜார்ஜ் ஸ்டீபன்சன் பெயரும் நம் நாவில் தாமாக வந்து நிற்கும். பள்ளிப் பாடநூல்கள் நமக்கு அப்படிக் கற்றுத் தந்திருக்கின்றன. நெருப்பும் நீரும் சேர்ந்தால் நீராவி, நீராவி தள்ளினால் சக்கரம் சுழலும், வண்டி ஓடும். இவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நெருப்பும் நீரும் மட்டும் இருந்தால் வண்டி சிறிது தூரம்தான் ஓடும். உரசும் இடமெல்லாம் சூடேறி, தேய்ந்து, இறுகி நின்றுவிடும். மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு போடாமல் சந்தைக்குப் புறப்பட்டவன் பாதி வழியில் படும் பாட்டை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இரயிலுக்கும் அதே கதிதான்.

அந்த மசகைத் தன் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எலைஜா மெக்காய். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர். நம் நாட்டில் அவ்வளவாகப் பேசப்படாத பெயர். பொறியாளராகப் படித்துவிட்டு வந்தவர் அவர். இரயில்வே அவருக்குக் கொடுத்ததோ கரி அள்ளும் வேலை. அந்த வரலாற்றைப் படிப்பும் வேலையும் பற்றிய கவலையோடு இருக்கும் நாம் அறிந்துகொள்வது நல்லது.

தண்டவாளம் இல்லாத இரயில்

மெக்காயின் பெற்றோர் ஜார்ஜும் மில்ட்ரெட்டும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய காலம் அது. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதையே பல தென் மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. தப்பி ஓடினாலும் நிம்மதி இல்லை. அடிமை முறை இல்லாத வட மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தாலும், பிடித்து எசமானனிடம் திருப்பி ஒப்படைக்கச் சட்டம் இருந்தது. எனவே நாட்டின் எல்லையையே தாண்டி, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த கனடாவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே 1834-ஆம் ஆண்டிலேயே அடிமை முறை ஒழிந்துவிட்டது.

இவ்வாறு தப்பிச் செல்வோருக்கு உதவ நல்ல உள்ளம் படைத்தோர் பலர் இரகசியமாக இயங்கினர். இரவில் நடக்க வைத்து, பகலில் தம் வீடுகளில் ஒளித்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைத்தனர். இந்த ஏற்பாட்டுக்குச் சுரங்க இரயில் பாதை என்று பெயர். அதில் சுரங்கமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அடைக்கலம் தந்த வீடுகளுக்கு ஸ்டேஷன் என்றும், வழி காட்டியவர்களுக்குக் கண்டக்டர் என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த இரயிலில் வந்து இறங்கிய குடும்பம் மெக்காயின் குடும்பம். கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள கொல்செஸ்டர் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு எலைஜா பிறந்தார். தண்டவாளம் இல்லாத இரயிலில் விடுதலைக்கு வந்தவர்களின் மகன், பின்னாளில் தண்டவாளத்தில் ஓடும் இரயிலுக்கே உயிரூட்டியது வரலாற்றின் விந்தை அன்றோ!

கடல் கடந்த கல்வி

குடும்பம் பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இப்சிலான்டி நகரில் குடியேறியது. சிறுவன் எலைஜாவுக்கு இயந்திரங்களின் மீது தீராத ஆசை. ஆனால் ஒரு கறுப்பினச் சிறுவனுக்குப் பொறியியல் கற்றுத் தரும் இடம் அங்கே எளிதில் கிடைப்பதாக இல்லை. பெற்றோர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார்கள். 15 வயது மகனை அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பயிற்சியாளராகச் சேர்ந்து இயந்திரப் பொறியியலை முறையாகக் கற்றுத் தேர்ந்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பக்கத்து மாவட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போதே பெற்றவர்கள் படும் தவிப்பை நான் அறிவேன். அடிமைத் தளையிலிருந்து தப்பி வந்த தாயும் தகப்பனும், முகம் தெரியாத நாட்டுக்கு 15 வயதுப் பிள்ளையைக் கப்பலேற்றிய துணிவை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது. கல்வி ஒன்றுதான் மகனின் காலில் மறுபடியும் விலங்கு விழாமல் காக்கும் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

கிடைத்த வேலை

மெக்காய் திரும்பி வந்தபோது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. 1865-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்துவிட்டது. இரயில் பாதைகள் நாலாபுறமும் வேகமாக நீண்டுகொண்டிருந்தன. இயந்திரம் தெரிந்த ஆள் எங்கும் தேவைப்பட்ட காலம். கையில் தேர்ச்சிச் சான்று இருந்தது. மிச்சிகன் அடிமை முறை இல்லாத மாநிலமும்கூட. இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் சட்டம் மாறியதே தவிர, வேலை கொடுப்பவர்களின் மனம் மாறவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரைப் பொறியாளராக அமர்த்த எவரும் முன்வரவில்லை. இறுதியில் மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. பயர்மேன் வேலை. கூடவே எண்ணெய் போடும் வேலை. எடின்பரோவில் இயந்திரத்தை வடிவமைக்கக் கற்றவர், இயந்திரத்தின் வாயில் மண்வெட்டியால் கரி அள்ளிப் போட்டார்.

அந்தக் காலத்தில் அமெரிக்க இரயில்வேயில் பயர்மேனாக இருந்தவர் அனுபவம் பெற்று டிரைவராவது வழக்கம். அந்த ஏணியும் கறுப்பினத்தவருக்கு எடுக்கப்பட்டிருந்தது. டிரைவர்களின் சங்கமும் பயர்மேன்களின் சங்கமும் வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினர்களாகச் சேர்த்தன. சங்கத்தில் இடமில்லாத கறுப்பினப் பயர்மேன்களையும் அதே சங்கம்தான் நிர்வாகத்திடம் பேச்சு வார்த்தையில் பிரதிநிதியாக நின்று, அவர்களுக்கு எதிராகவே ஒப்பந்தம் செய்தது. இது தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1944-ஆம் ஆண்டு ஆயிற்று. வேலைக்கு ஆள் எடுப்பதில் நிறம் பார்ப்பதை 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் தடை செய்தது. அப்போது மெக்காய் மறைந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எண்ணெயின் இடர்ப்பாடு

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சிறிது பார்ப்போம். பயர்மேன் நெருப்பறையில் கரி தள்ள வேண்டும். பாய்லரில் நீர்மட்டத்தைக் கவனிக்க வேண்டும். நீராவி அழுத்தம் குறையாமல் காக்க வேண்டும். எண்ணெய் போடுபவர் வண்டி நிற்குமிடமெல்லாம் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சக்கர அச்சுகள், இணைப்புத் தண்டுகள், மூட்டுகள் என்று ஒவ்வொன்றாக நனைக்க வேண்டும். சரக்கு வாகன்களின் அச்சுப் பெட்டிகளில் எண்ணெயில் ஊறிய காட்டன் வேஸ்ட் திணித்து வைத்திருப்பார்கள். அது காய்ந்துபோனால் அச்சு கனன்று தீயே பிடித்துவிடும். எனவே எண்ணெய்க்காகவே வண்டி நிற்க வேண்டியிருந்தது. நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கம்பெனிக்கு நட்டம்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது சிலிண்டருக்குள் எண்ணெய் செலுத்துவது. உள்ளே பிஸ்டன் ஓயாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். மசகு அதிகம் தேவைப்படுவதே அங்கேதான். ஆனால் உயர்ந்த அழுத்தத்தில் நீராவி நிறைந்திருக்கும்போது மேலிருந்து எண்ணெயை ஊற்ற முடியுமா? மூடியைத் திறந்தால் நீராவி எண்ணெயைத் திருப்பித் துப்பிவிடும். ஆகவே நீராவியை அடைத்த நேரம் பார்த்து, உருக்கிய கொழுப்பையோ எண்ணெயையோ விட்டு வந்தார்கள். தேவைப்படும்போது கிடைக்காது, கிடைக்கும்போது தேவைக்கு மேல் கிடைக்கும்.

படிக்காத ஒருவருக்கு இது அன்றாடத் தொல்லை. படித்த மெக்காய்க்கோ இது ஒரு கணக்கு. இப்சிலான்டியில் தம் வீட்டோடு ஒரு சிறு பட்டறை அமைத்துக்கொண்டார். வேலை நேரம் போக மீதி நேரத்தில் அந்தக் கணக்குக்கு விடை தேடினார்.

1872

அவர் கண்ட விடை எளிமையானது. எண்ணெயை உள்ளே விடாமல் தடுப்பது எது? நீராவியின் அழுத்தம். அப்படியானால் அந்த அழுத்தத்தையே வேலை வாங்கினால் என்ன? சிலிண்டரோடு இணையும் ஓர் எண்ணெய்க் குவளையைச் செய்தார். அதன் நடுவே ஒரு தண்டு, ஒரு முனையில் சிறு பிஸ்டன், மறுமுனையில் வால்வு. நீராவியின் அழுத்தம் பிஸ்டனை நகர்த்தும்; வால்வு திறக்கும்; எண்ணெய் வேண்டிய அளவில் தானாக இறங்கும். ஆள் இறங்க வேண்டாம். வண்டி நிற்க வேண்டாம். எதிரியையே காவலனாக்கிய சூழ்ச்சி இது.

1872-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் எண் 129,843. தானே எண்ணெய் விடும் கருவியை உலகில் முதன்முதல் செய்தவர் இவர்தான் என்று சொல்வது மிகையாகும். பிரிட்டனில் ஜான் ராம்ஸ்பாட்டம் 1860-இலேயே வேறொரு முறையில் அத்தகைய கருவியைச் செய்திருந்தார். மெக்காயின் பெருமை வேறு. ஒரு கருவியோடு அவர் ஓயவில்லை. குறை கண்டு, திருத்தி, மேலும் மேலும் செப்பனிட்டுக்கொண்டே போனார். இரயில் இயந்திரங்களிலும் கப்பல் இயந்திரங்களிலும் அவர் கருவிகள் இடம் பெற்றன. அவற்றைப் பொருத்தும் முறையை இரயில்வே ஆட்களுக்கு அவரே கற்றுக் கொடுத்தார். எந்த உலகம் அவரைப் பொறியாளராக ஏற்க மறுத்ததோ, அந்த உலகம் அவரிடம் பாடம் கேட்டது.

1882-இல் அவர் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். பின்னாளில் இரயில் இயந்திரங்களில் மீவெப்ப நீராவி பயனுக்கு வந்தது. அந்த வெப்பத்தில் வெறும் எண்ணெய் தாக்குப்பிடிக்கவில்லை. நம் பென்சிலில் உள்ள கிராபைட்டைத் தூளாக்கி எண்ணெயோடு கலந்தால் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் தூள் குழாயை அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் கிராபைட்டைச் செலுத்தும் கருவிக்கு 1915-இல் அவர் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. மடக்கி வைக்கும் இஸ்திரி மேசை, புல்வெளிக்கு நீர் தெளிக்கும் கருவி என்று வீட்டுக்குப் பயன்படும் பொருள்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் பெற்ற காப்புரிமைகள் 57 என்று கணக்கிடுகிறார்கள்.

பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் கலப்படமில்லாத உண்மைப் பொருளை அசல் மெக்காய் என்று சொல்லும் வழக்கம் உண்டு. போலிக் கருவிகளை வாங்க மறுத்த இரயில்வேக்காரர்கள் மெக்காயின் கருவியையே பெயர் சொல்லிக் கேட்டதால் இவ்வழக்கு வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தில் இதையொத்த ஒரு தொடர் 1850-களிலேயே வழங்கியிருக்கிறது. அப்போது மெக்காய் சிறுவர். கதை உண்மையாக இல்லாவிட்டாலும் அவர் புகழ் குறைந்துவிடாது.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வந்ததா என்றால், இல்லை. கருவியைத் தயாரிக்க முதல் வேண்டும். முதல் இல்லாதவர் என்ன செய்வார்? பல காப்புரிமைகளைப் பணம் படைத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்து, அந்தப் பணத்தில் அடுத்த ஆராய்ச்சியை நடத்தினார். தம் பெயரில் ஒரு கம்பெனி தொடங்க அவருக்கு 1920-ஆம் ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது அவர் 76 வயது முதியவர்.

இறுதி நாட்கள்

1922-இல் அவரும் அவர் துணைவியார் மேரியும் கார் விபத்தில் சிக்கினார்கள். மேரி அம்மையார் அந்தக் காயத்தால் பின்னர் காலமானார். ஆதரவற்ற கறுப்பின முதிய பெண்களுக்காக டெட்ராய்டில் ஓர் இல்லம் உருவாகப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். முதியோருக்கு நிழல் தேடித் தந்த அந்தக் குடும்பத்தின் தலைவர், தம் முதுமையில் தனியரானார், உடல் நலிந்தார், எலாய்ஸ் என்னுமிடத்தில் இருந்த பொது மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் அங்கேயே அவர் ஆவி பிரிந்தது.

சிறப்புகள் பின்னால் வந்தன. 1975-இல் டெட்ராய்ட் நகரம் அவர் வாழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் நாட்டியது. 2001-இல் கண்டுபிடிப்பாளர்களுக்கான தேசியப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2012-இல் டெட்ராய்டில் திறக்கப்பட்ட காப்புரிமை அலுவலகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

நாம் எண்ண வேண்டுவது

நண்பர்களே! இத்தகைய வரலாறுகளைச் சொல்லி முடிக்கும்போது, கிடைத்த வேலையை மனநிறைவோடு செய்தால் உயரலாம் என்று அறிவுரை கூறுவது வழக்கம். அது பாதி உண்மை. மெக்காய் கரி அள்ளியபோதும் தாம் கற்ற கல்வியைக் கரியோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிடவில்லை. கைக்குக் கிடைத்த எண்ணெய்க் கேனையே ஆராய்ச்சிக் கூடமாக்கினார். பட்டம் பெற்று, படிப்புக்கேற்ற வேலை அமையாமல் வேறு வேலைக்குச் செல்ல நேரும் நம் போன்றோர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பாடம் இது.

மீதிப் பாதியையும் சொல்லியாக வேண்டும். மெக்காய் வென்றார் என்பதால் அவருக்குக் கதவடைத்தது சரியாகிவிடாது. கரி அள்ளாமல் நேரே பொறியாளர் மேசையில் அமர்ந்திருந்தால் அவர் இன்னும் எத்தனை செய்திருப்பாரோ! அவரைப் போலவே தகுதி இருந்தும், பட்டறை வைக்க வசதியில்லாமல், கரி அள்ளியே காலம் முடிந்தவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் எந்த அலுவலகத்தின் வாசலிலும் இல்லை. நாளை நம்மில் சிலர் வேலை தேடி நிற்போம். சிலர் வேலை கொடுக்கும் நாற்காலியிலும் அமர்வோம். தேடி நிற்கும்போது மெக்காயின் ஊக்கம் நமக்கு வேண்டும். நாற்காலியில் அமரும்போது, எதிரே நிற்பவரின் பிறப்பைப் பாராமல் அவர் கற்றதைப் பார்க்கும் கண் வேண்டும்.