டேல் காத்திருந்த பதினேழு ஆண்டுகள்

நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஆறுமுகநேரியில் எங்கள் தெருவுக்கு நண்பகல் வெயிலில் ஓலைப்பெட்டியில் சூரை மீன் விற்பனைக்கு வந்தது. குழம்பு வைத்து உண்ட அரை மணி நேரத்தில் அம்மாவின் முகமும் கழுத்தும் சிவந்தன. உடலெங்கும் தடிப்பு, தலைவலி, படபடப்பு. பார்த்த மருத்துவர் மீன் ஒவ்வாமை என்றார். அதன் பிறகு அம்மா எங்களுக்கு மீன் சமைத்தார், தாம் உண்ணவில்லை. அதே பெட்டியில் மீன் வாங்கிய பக்கத்து வீட்டு அத்தைக்கும் அன்று அவ்வாறே சிவந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை.

பொருளியல் கற்பித்துவந்த எனக்கு அந்த நாளின் உட்பொருள், பணி ஓய்வுக்குப் பின் ஹென்றி டேல் என்னும் ஆங்கில அறிஞரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் விளங்கத் தொடங்கியது.

டேல் 1875 ஜூன் 9 அன்று லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பயின்று, மருத்துவப் பட்டமும் பெற்றார். 1904-இல் வெல்கம் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர அழைப்பு வந்தது. வணிகரிடம் வேலைக்குச் செல்லும் ஆய்வாளனின் மதிப்பு குறையும் என்று நண்பர்கள் தடுத்தனர். டேல் கேட்கவில்லை. அவருக்குத் திருமணம் நடந்ததும் அதே ஆண்டில்தான்; நிலையான வருவாயின் தேவையை ஒரு பொருளியல் ஆசிரியன் ஊகிப்பதில் தவறில்லை.

அங்கே அவருக்குத் தரப்பட்ட பொருள் எர்காட். ரை தானியக் கதிரைப் பற்றும் பூஞ்சை அது. பேறுகாலத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்ய மருத்துவச்சிகள் பயன்படுத்தியது. 1910-இல் அதிலிருந்து டேலும் வேதியியலாளர் ஜார்ஜ் பார்ஜரும் பிரித்தெடுத்த பொருளே ஹிஸ்டமின். லெயிட்லாவுடன் சேர்ந்து விலங்குகளில் அதைச் செலுத்திப் பார்த்தார் டேல். மூச்சுக்குழல் இறுகியது, இரத்த அழுத்தம் சரிந்தது. கடும் ஒவ்வாமையில் காண்பதும் இதுவே.

முதல் உலகப் போரின் காயமுற்ற வீரர்கள் அதிர்ச்சியில் மாண்டபோது அவர் மீண்டும் இப்பொருளுக்குத் திரும்பினார். ஹிஸ்டமின் மிகுந்தால் நுண்குழாய்கள் விரிகின்றன, அவற்றின் சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, எஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது என்று கண்டார். காயத்தின் அதிர்ச்சி முழுவதற்கும் இதுவே காரணம் என்ற எண்ணம் பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் கசிவு உண்மை.

அடுத்து என்ன சொல்லியிருக்கலாம்? உடலே ஹிஸ்டமினைச் சுரந்து ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று அறிவித்திருக்கலாம். டேல் தயங்கினார். 1911-இலேயே குடற்சுவரில் அதைக் கண்டிருந்தார். எனினும் பாக்டீரியாக்களும் அழுகலின்போது அதே பொருளை ஆக்கும் என்பதால், தாம் கண்டது உயிரின் பொருளா, அழுகலின் பொருளா என்ற ஐயம் அவருக்குத் தீரவில்லை. இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்ட் உள்ளிட்டோருடன் சேர்ந்து, புத்தம் புதிய நுரையீரலிலும் கல்லீரலிலும் அதைப் பிரித்துக் காட்டியது 1927-இல்தான். ஓராண்டுக்குள் கட்டுரை கேட்கும் இன்றைய பல்கலைக்கழகங்களில் அவர் பதவி உயர்வு பெற்றிருப்பாரா என்பது ஐயமே.

1936-இல் நோபல் பரிசு வந்தது. அது அசிட்டைல்கோலின் ஆய்வுக்காக, ஆட்டோ லோவியுடன் பகிர்ந்தது. 1940 முதல் 1945 வரை ராயல் சொசைட்டியின் தலைவராகவும் இருந்தார். கசிவு எங்கே நிகழ்கிறது என்பதை 1961-இல் மஜ்னோவும் பலாடேயும் மின்னணு நுண்ணோக்கியில் கண்டபோது டேல் உயிரோடிருந்தார். நுண்சிரைகளின் உட்புறத்தை ஓடு வேய்ந்ததுபோல் மூடியிருக்கும் மெல்லிய செல்களுக்கிடையே ஹிஸ்டமின் இடைவெளி திறக்கிறது. தோல் தடிப்பது அவ்வழியே வெளியேறும் நீரால்.

டேலைத் தயங்கவைத்த அந்த அழுகல்தான் எங்கள் கரையின் செய்தி. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. உருவான பின் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை. மெய்யான மீன் ஒவ்வாமை வேறு. அது பெரும்பாலும் உண்டவர்களுள் ஒருவரை மட்டுமே தாக்கும், உயிருக்கும் ஆபத்தாகலாம். ஒரே மீனை உண்ட பலருக்கு ஒரே நேரத்தில் முகம் சிவந்தால் ஐயுற வேண்டியது மீனை. எது என்பதை மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும்.

டேல் 1968 ஜூலை 23 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார். எங்கள் தெருவுக்கு அந்தச் சூரை வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. பக்கத்து வீட்டு அத்தை மறு வாரமே மீன் வாங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா அதன் பின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார், மீன் குழம்பின் உப்பைக்கூட எங்களிடம் கேட்டே சரிபார்த்துக்கொண்டு.