தமிழில் உடற்கூறு தந்த டாக்டர் கிறீன்

மனித உடலின் 206 எலும்புகளையும், அவற்றைப் போர்த்த தசைகளையும், அவை அனைத்துக்கும் அடிப்படையான நுண்ணிய கலங்களையும் பற்றி இன்று நாம் பாடசாலையிலே தமிழிற் கற்கின்றோம். கலமென்சவ்வு, குழியவுரு, கரு என்னும் சொற்கள் நம் நாவில் இயல்பாய் வருகின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரோ, இவ்வறிவைத் தமிழிற் கூற இயலும் என்று எண்ணியவர் மிகச் சிலரே. எண்ணியதோடு அமையாது செய்துங் காட்டிய பெருமகனார் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

அவர் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 இற் பட்டம் பெற்றார். உடல் கலங்களாலானது என்னும் கொள்கையே அக்காலத்தில் மிகப் புதியது. றொபேட் ஹூக் 1665 இலேயே தக்கையின் சிற்றறைகளை நுணுக்குக்காட்டியிற் கண்டு பெயரிட்டிருந்தாராயினும், தாவரங்களும் விலங்குகளும் கலங்களாலானவை என்று ஷ்லைடனும் ஷுவானும் எடுத்துரைத்தது 1838, 1839 ஆம் ஆண்டுகளிலேயாம்.

அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், மறு ஆண்டில் மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். கிராமத்து நோயாளருக்கோ வைத்தியர் கிடைத்திலர். ஆகவே தமிழிற் கற்பிப்பதே தக்கதென அவர் துணிந்தார். தம் மாணவர் தம் உடையையும் வழக்கங்களையும் கைவிடலாகாது என்றும் விரும்பினார்.

பாடநூலின்றிப் பாடம் நடவாது. எனவே தாமே தமிழ் பயின்று, மாணவர் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தார். முதலில் தமிழ்ச்சொல், இல்லையேல் வடசொல், அதுவுமில்லையேல் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்பது அவர் கொண்ட முறை. இவ்வாறு உடற்கூறு அங்காதிபாதம் ஆயிற்று. உடற்றொழிலியல் சுகரணம் ஆயிற்று. இரசாயனமோ கெமிஸ்தம் ஆயிற்று. இரணவைத்தியம் 1867 இல் வெளிவந்தது. 1858 இல் இங்கிலாந்தில் முதன்முதல் வெளியான கிறேயின் உடற்கூற்று நூல், 1872 இல் மனுஷ அங்காதிபாதமாகத் தமிழர் கையில் இருந்தது!

1873 இல் அவர் தாயகம் மீண்டார். ஆயினும் பணி நின்றிலது. வூஸ்ரரில் இருந்தவாறே எழுதினார். மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. 1884 மே மாதத்தில் அவர் மறைந்தார். அவரிடம் கற்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேலாவர். அவருள் ஏறத்தாழப் பாதியினர் தமிழிலே கற்றவர்.

கிறீன் தம் மதத்தைப் பரப்ப வந்தவரே. அதனை அவர் மறைத்தாருமல்லர். அவர் பிறந்த அதே 1822 இலேதான் நம் ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் மானிப்பாயிற் பணி தொடங்கிய 1848 இலேயே நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தால் எதிரெதிர் நின்ற இருவரும் தமிழ் வசனநடையையும் அச்சியந்திரத்தையுமே தம் கருவியாகக் கொண்டனர். நன்றி மறவாமை நம் நெறியாதலின், கிறீனின் தமிழ்த்தொண்டைப் போற்றுதல் நமக்கு இழுக்காகாது.

அவருக்குப்பின் தமிழ் மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870 இற் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. மருத்துவபீடங்கள் இன்றும் அவ்வாறே கற்பிக்கின்றன. குறை மொழியினதன்று, முயற்சியினதே. கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் விஞ்ஞானம் பயிலும் இளைஞராகிய நாம், கற்றதில் ஒரு சிறு பகுதியையேனும் நம் பாட்டியாருக்கு விளங்கும் தமிழில் எழுதிப் பார்ப்போமாக.