பாலத்துக் கல்லில் கணக்கு எழுதியவர்

நம் விடுதியில் செயல்முறை ஆராய்ச்சி பயிலும் அன்பர் ஒருவர் உண்டு. குறைந்த செலவில் நிறைந்த பயன் பெறும் வழியைக் கணக்கிட்டுக் காட்டும் உகப்பாக்கக் கணிதமே அவருக்கு உணவும் உறக்கமும். சென்ற திங்களில் ஓர் இரவு, உணவு முடிந்தபின், வாடிய முகத்துடன் என் அறைக்கு வந்தார். குவாண்டம் கணிப்பொறி பெருகிவிட்டால் தாம் ஐந்தாண்டுகளாகக் கற்றதெல்லாம் வீணாய்ப் போய்விடுமோ என்பது அவருடைய ஐயம். பௌதிகம் பயிலும் நான் அவருக்கு விடையாக ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அம்மனிதர் மறைந்து ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆகின்றன. எனினும், அன்பர் அஞ்சும் பொறியின் உயிர்நாடியான சார்புக்கும் அவர் பெயர். அன்பர் நாள்தோறும் மல்லாடும் கடினமான கணக்கு ஒன்றுக்கும் அவர் பெயர். அவர்தாம் சர் வில்லியம் ரோவன் ஹாமில்ட்டன்.

1805-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள், 3-ஆம் நாள் முடிந்து 4-ஆம் நாள் தொடங்கும் நள்ளிரவில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹாமில்ட்டன் பிறந்தார். தந்தை வழக்குத் தொழில் செய்தவர். குழந்தையின் அறிவுக் கூர்மையைக் கண்ட பெற்றோர், டிரிம் என்னும் சிற்றூரில் பள்ளி நடத்திவந்த ஜேம்ஸ் பாதிரியாரிடம் அவரை ஒப்படைத்தனர். ஜேம்ஸ், தந்தையின் உடன்பிறந்தவர். மொழிகளில் பெரும்பற்று உடையவர். ஐந்து வயதுக்குள் இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் சிறுவருக்குப் பழகின. பின்னர்ப் பாரசீகம், அரபு, வடமொழி, இந்துஸ்தானி என்று பட்டியல் நீண்டது. தில்லிக்கு வந்து இரண்டாண்டுகள் ஆகியும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசத் தடுமாறும் என் போன்றோர்க்கு இது சற்று வெட்கம் தரும் செய்தியே.

மொழிக்கடலில் மூழ்கியிருந்தவரைக் கணிதத்தின் பக்கம் திருப்பியவற்றுள் ஒரு தோல்வியும் உண்டு. 1813-இல் ஜெரா கோல்பர்ன் என்னும் அமெரிக்கச் சிறுவன் டப்ளினுக்கு வந்தான். பேரெண்களை மனத்துக்குள்ளேயே பெருக்கி விடை சொல்லும் வித்தகன் அவன். அவனுடன் போட்டியிட்ட ஹாமில்ட்டன் தோற்றார். எதிலும் முதல்வராயிருந்து பழகிய எட்டு வயதுச் சிறுவருக்கு அது புதுமையாயிருந்திருக்கும். அடுத்த சில ஆண்டுகளில் அவர் நியூட்டனையும் லாப்லாஸையும் தாமே கற்றார். பதினேழாவது வயதில், லாப்லாஸின் வான இயக்கவியல் நூலிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் காட்டினார். 1823-இல் டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்தார். 1827-இல், இன்னும் பட்டம் பெறாத மாணவராயிருக்கும்போதே, அக்கல்லூரியின் வானியல் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 21. என்னைவிட இரண்டு வயது இளையவர்!

பதவியோடு டன்சிங்க் வானோக்கு நிலையமும் அவர் பொறுப்பில் வந்தது. ஆனால் இரவுக் குளிரில் தொலைநோக்கியின் முன் நிற்பதில் அவருக்கு நாட்டமில்லை. அவர் நாட்டமெல்லாம் ஒளியின் பாதையில் இருந்தது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் ஒளி, தான் செல்லக்கூடிய எண்ணற்ற வழிகளுள் ஒன்றை மட்டும் எவ்வாறு தேர்கிறது? மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியே செல்கிறது என்று பெர்மா என்பவர் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார். அது எப்போதும் குறைந்த நேரமாக இருக்க வேண்டியதில்லை, பாதையைச் சிறிது அசைத்தாலும் மதிப்பு மாறாத நிலையாக இருந்தால் போதும் என்பதை ஹாமில்ட்டன் வற்புறுத்தினார். உகப்பாக்கம் பயில்வோர் இவ்வேறுபாட்டின் அருமையை நன்கு அறிவர். ஒளிக்கதிர்க் கூட்டம் முழுவதையும் ஒரே சார்பிலிருந்து வருவித்துக் காட்டிய அவர், சில படிகங்களில் ஒற்றைக் கதிர் கூம்பாக விரியும் என்று 1832-இல் தாளும் எழுதுகோலும் கொண்டே முன்னுரைத்தார். அதுவரை எவரும் கண்டிராத நிகழ்ச்சி அது. சில வாரங்களுக்குள் ஹம்பிரி லாயிடு அதைச் சோதனையில் கண்டார்.

1834-இலும் 1835-இலும் அதே முறையை அவர் பொருள்களின் இயக்கத்துக்கும் பயன்படுத்தினார். ஓர் அமைப்பின் ஆற்றலை ஒரு சார்பாக எழுதிவிட்டால் போதும். அதிலிருந்தே அவ்வமைப்பு நாளை எங்கிருக்கும் என்பதை வருவித்துவிடலாம். இச்சார்பையே இன்று ஹாமில்ட்டோனியன் என்கிறோம். கோள்களுக்காக எழுதப்பட்ட அது கோள்களோடு நின்றுவிடவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் பொந்திரியாகின், பெல்மன் ஆகியோர் கட்டுப்பாட்டுக் கணக்குகளுக்கு உகந்த தீர்வு காண அமைத்த சமன்பாடுகளிலும் அவர் பெயர் நிற்கிறது. 1926-இல் ஷ்ரோடிங்கர், ஒளிக்கும் துகளுக்கும் ஹாமில்ட்டன் காட்டிய ஒப்புமையைப் பற்றிக்கொண்டே தம் அலைச் சமன்பாட்டை அடைந்தார். அவ்வாறாக அச்சார்பு அணுவுக்குள்ளும் புகுந்தது.

புகழ் வளர்ந்த அளவுக்கு அவர் வாழ்வில் இன்பம் வளரவில்லை. பத்தொன்பது வயதில் காதரின் டிஸ்னி என்னும் நங்கையிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவள் 1825-இல் வேறொருவருக்கு மணமுடிக்கப்பட்டாள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட அவருக்கு அந்நாளில் எழுந்ததுண்டு. அத்துயரைக் கவிதைகளாக எழுதினார். பின்னாளில் நண்பரான பெருங்கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், அறிவியலே அவருக்குரிய துறை என்று மென்மையாக உணர்த்திவிட்டார். 1833-இல் ஹெலன் பெய்லியை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர். 1835-இல் சர் பட்டம் வந்தது.

இனி அந்தப் பாலத்துக்கு வருவோம். கலப்பெண்களைக் கொண்டு தளத்தில் புள்ளிகளைச் சுழற்றலாம். அதுபோல் வெளியில் சுழற்றுவதற்கு மூன்று கூறுகளையுடைய எண்களை ஆக்க முடியுமா என்று ஹாமில்ட்டன் பல ஆண்டுகள் முயன்றார். கூட்டலும் கழித்தலும் வந்தன. பெருக்கல் மட்டும் வரவில்லை. 1843 அக்டோபரில் நாள்தோறும் காலையுணவுக்கு அவர் இறங்கி வரும்போது, பெருக்க வந்துவிட்டதா என்று அவருடைய சிறு புதல்வர்கள் கேட்பராம். தந்தை வருத்தத்துடன் தலையை அசைப்பாராம். அத்திங்கள் 16-ஆம் நாள், அயர்லாந்து அரச கழகக் கூட்டத்துக்காக மனைவியுடன் ராயல் கால்வாய்க் கரையில் நடந்து சென்றார். புரூம் பாலத்தருகே விடை மின்னியது. வேண்டியவை மூன்று கூறுகள் அல்ல, நான்கு! மேலும், பெருக்கலின் வரிசையை மாற்றினால் விடை மாறும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐ என்பதை ஜே-யால் பெருக்கினால் கே. ஜே என்பதை ஐ-யால் பெருக்கினால் எதிர்க்குறி கே. அங்கேயே கத்தியை எடுத்துப் பாலத்தின் கல்லில் அச்சூத்திரத்தைக் கீறினார். அவ்வெண்களுக்குக் குவாட்டர்னியன்கள் என்று பெயரிட்டார்.

வரிசை மாறினால் விடை மாறுமா என்று ஐயுறுவோர் ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்க. முதலில் முன்புறமாக ஒரு கால்சுற்று சாய்த்து, பின் மேசைமேல் வலப்புறமாக ஒரு கால்சுற்றுத் திருப்புக. மீண்டும் பழைய நிலையில் வைத்து, முதலில் திருப்பிப் பின் சாய்க்க. பெட்டி இரு முறையும் ஒரே நிலையில் நிற்காது.

சாதாரணக் கணிப்பொறியின் நினைவுக்கூறு சுழியமாகவோ ஒன்றாகவோ இருக்கும். குவாண்டம் பொறியின் கியூபிட் இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கலாம். தனிக் கியூபிட் ஒன்றின்மீது செய்யும் செயல்கள் யாவும் வெளியில் நிகழும் சுழற்சிகளை ஒத்தவை. அவற்றை எழுத 1927-இல் பௌலி அமைத்த மூன்று அணிகளைக் கற்பனை எண்ணால் பெருக்கினால், குறி வேறுபாடு ஒன்று தவிர, பாலத்தில் கீறிய அதே ஐ, ஜே, கே கிடைக்கின்றன. குவாட்டர்னியன்களில் கழித்த இருபது ஆண்டுகளும் ஹாமில்ட்டனுக்குப் பாழ் என்று எழுதினோர் பலர். அவர்கள் சற்றுப் பொறுத்திருந்து எழுதியிருக்கலாம்.

அக்காலத்தில் அவர் மதுவில் அமிழ்ந்துபோனார் என்னும் பேச்சும் நெடுநாள் வழங்கியது. 1840-களில் ஒரு விருந்தில் அளவு மீறிக் குடித்து அவப்பெயர் கொண்டது உண்மை. ஆயினும் 1853-இல் குவாட்டர்னியன் விரிவுரைகளைப் பெருநூலாக வெளியிட்டதும், இறுதி நாள்வரை அடுத்த பெருநூலை எழுதிவந்ததும் குடிகாரர் ஒருவரால் ஆகக்கூடிய செயல்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவருடைய விளையாட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1856-இல், ஐங்கோணங்கள் பன்னிரண்டால் ஆன பன்னிருமுகி என்னும் உருவை அவர் ஆராய்ந்தார். அதற்கு முனைகள் 20, விளிம்புகள் 30. ஒரு முனையில் புறப்பட்டு, விளிம்புகளின் வழியே சென்று, ஒவ்வொரு முனையையும் ஒரே ஒரு முறை தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே மீள வேண்டும். இதைப் பலகையும் முளைகளும் கொண்ட விளையாட்டாக்கினார். முனைகளுக்கு உலக நகரங்களின் பெயர்களும் இடப்பட்டன. நம் தில்லியும் அவற்றுள் ஒன்று. இலண்டன் வணிகர் ஒருவர் 25 பவுனுக்கு அதை வாங்கி 1859-இல் வெளியிட்டார். விளையாட்டு மிக எளிதாயிருந்ததால் விற்பனையாகவில்லை. இத்தகைய சுற்றுகளைக் கர்க்மன் என்னும் பாதிரியார் சற்று முன்னரே ஆராய்ந்திருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெயர் மட்டும் ஹாமில்ட்டனுக்கு வாய்த்தது.

பன்னிருமுகியில் எளிதாயிருப்பது பிற வலைகளில் எளிதன்று. ஒரு வலையில் ஹாமில்ட்டன் சுற்று உண்டா என்னும் வினா கடினமான கணக்குகளின் வகுப்பில் சேர்ந்தது என்று 1972-இல் கார்ப் காட்டினார். தூரங்களையும் சேர்த்துவிட்டால் அதுவே வணிகப் பயணியின் கணக்கு. 20 ஊர்களைக் கண்மூடித்தனமாக வரிசைப்படுத்திப் பார்த்தால், தொடக்க ஊரை நிலையாக வைத்தாலும், வரிசைகள் 12 என்னும் எண்ணைத் தொடர்ந்து 16 இலக்கங்கள் வரும் அளவுக்குப் பெருகும்.

அன்பரிடம் சொன்னது இதுதான். ஹாமில்ட்டனின் விளையாட்டை ஹாமில்ட்டனின் சார்பாக எழுதிப் பார்ப்போம். எந்த ஊர், எத்தனையாவது இடம் என்னும் ஒவ்வோர் இணைக்கும் சுழியமோ ஒன்றோ ஆகும் மாறி ஒன்று; ஆக 400 மாறிகள். ஓர் இடத்தில் இரண்டு ஊர் வந்தால் தண்டம். ஓர் ஊர் இரண்டு இடத்தில் வந்தால் தண்டம். விளிம்பில்லாத இடத்தைத் தாவினாலும் தண்டம். உகப்பாக்கத்தார்க்குப் பழகிய தண்ட முறையேதான். தண்டங்களின் கூட்டுத்தொகையை ஆற்றல் என்று அழைத்தால் அது ஒரு ஹாமில்ட்டோனியன். அதன் தாழ்ந்த ஆற்றல் நிலையே விடை. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கியூபிட்.

ஆனால் அதை மட்டும் பொறியில் அமைத்தால் ஒன்றும் நடவாது. எந்த வரிசையில் தொடங்கினோமோ அதிலேயே பொறி நின்றுவிடும். அதை நகர்த்த, தண்டச் சார்போடு பெருக்கல் வரிசையில் ஒத்துப்போகாத இரண்டாம் உறுப்பு ஒன்று வேண்டும். வரிசை மாறினால் விடை மாறும் என்னும் பாலத்துக் கண்டுபிடிப்பே இங்கு வேலை செய்கிறது! முதலில் இரண்டாம் உறுப்பை வலுவாக வைத்து, எல்லா விடைகளும் சமமாகக் கலந்த நிலையில் தொடங்குவர். பிறகு அதை மெல்லக் குறைத்துத் தண்டச் சார்பை மெல்லக் கூட்டுவர். போதிய மெதுவாகச் செய்தால் பொறி தாழ்ந்த நிலையிலேயே வந்து முடியும். கொல்லன் இரும்பைக் காய்ச்சி ஆறவிடுவதைப் பின்பற்றி 1983-இல் எழுந்த முறை, ஆற்றல் மேடுகளை ஏறிக் கடக்கும். குவாண்டம் முறையோ உயர்ந்து மெலிந்த மேடுகளைத் துளைத்தும் கடக்கலாம். இக்கருத்தை 1989-லேயே வெளியிட்டவர்களுள் கொல்கத்தாவின் பிகாஸ் சக்ரவர்த்தியும் உடனுழைத்தோரும் உண்டு. 1998-இல் ஜப்பானியர் கதோவாகி, நிஷிமோரி இருவரும் அதை முறையாக வகுத்தனர். 2011-இல் 128 கியூபிட் கொண்ட பொறி ஒன்று விலைக்கே வந்துவிட்டது.

போதிய மெதுவாக என்றேன், எவ்வளவு மெதுவாக? தாழ்ந்த நிலைக்கும் அடுத்த நிலைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளியே அதை முடிவு செய்கிறது. கடினமான கணக்குகளில் அவ்விடைவெளி மிகமிகச் சிறுத்துவிடும். அப்போது காத்திருக்க வேண்டிய காலம் எல்லை கடந்துபோகும். வகை எதுவாயினும் இக்கணக்குகளைக் குவாண்டம் பொறி விரைந்து தீர்க்கும் என்று நிறுவியவர் எவரும் இலர். 1996-இல் குரோவர் கண்ட தேடல் முறை இலட்சங்கோடித் தேர்வுகளைப் பத்து இலட்சம் படிகளில் தேடும் என்பது மெய். ஆனால் அன்பரைப் போன்றோர் எப்போது கண்மூடித் தேடினர்? கிளைத்தும் வரம்பிட்டும் வெட்டும் சாதாரணக் கணிப்பொறி முறைகளைக் கொண்டே 85,900 இடங்களைச் சுற்றும் வணிகப் பயணிக் கணக்கு ஒன்றுக்கு 2006-இல் மிகக் குறுகிய வழி கண்டுவிட்டனரே. அன்பருடைய படிப்பு வீணாகவில்லை. கணக்கைத் தண்டச் சார்பாக நன்கு எழுதத் தெரிந்த ஆள் அப்பொறிக்கும் வேண்டும். இதைச் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. மறுநாளே 400 மாறிகளை 361-ஆகக் குறைக்கலாம் என்று வந்து நின்றார். தொடக்க ஊரை நிலைப்படுத்திவிட்டாராம். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

ஹாமில்ட்டன் 1865-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், கீல்வாத நோயால், டன்சிங்கில் காலமானார். அவர் இறுதிவரை எழுதிய குவாட்டர்னியன் பெருநூலை அவருடைய மகன் மறு ஆண்டு வெளியிட்டார். பாலத்தில் அவர் கீறிய எழுத்துகள் காற்றிலும் மழையிலும் தேய்ந்து மறைந்துவிட்டன. அயர்லாந்தின் தலைமையமைச்சராயிருந்த டி வலேரா, தாமும் கணிதம் பயின்றவர், 1958-இல் அங்கே ஒரு நினைவுக்கல்லைத் திறந்துவைத்தார். ஆண்டுதோறும் அக்டோபர் 16-ஆம் நாள் கணித ஆர்வலர்கள் டன்சிங்கிலிருந்து அப்பாலம்வரை கால்வாய்க் கரையோரமாக நடந்து செல்கின்றனர்.