கடல் நோக்கிய தஞ்சை வேந்தர்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் கல்வியால் புகழ் பெற்றவர் இரண்டாம் சரபோஜி. 1777இல் பிறந்த அவரைத் துளஜா மன்னர் 1787இல் சுவீகாரம் கொண்டார். ஜெர்மானியரான சுவார்ட்சு பாதிரியார் அவருக்குக் காவலரும் ஆசிரியருமாக விளங்கினார். சிற்றப்பன் முறையினரான அமர்சிங்குடன் எழுந்த உரிமைப் பிணக்குத் தீர்ந்து, 1798இல் அரியணை ஏறினார்.

அடுத்த ஆண்டே உடன்படிக்கையொன்றினால் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தது. காவிரி பாயும் நெல்வளநாடு கைவிட்டுப் போயிற்று. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மன்னர்க்கு எஞ்சின.

ஆளும் நாடு சுருங்கியபோதும் அவரது அறிவு வேட்கை சுருங்கவில்லை. கீழைக் கடற்கரையில், மல்லிப்பட்டினத்தை அடுத்த மனோராவில், கப்பல் கட்டும் தளம் அமைத்தார். கடல் வாணிகத்திற்கு உதவ வானிலை நோக்கும் நிலையமும் ஏற்படுத்தினார். கடற்பயணக் கருவிகளையும் கப்பற்கலை நூல்களையும் தொகுத்து வைத்தார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814இல் அங்கே எட்டு நிலைக் கோபுரம் எழுப்பினார். தம் ஆட்சியைப் பெற்றுக்கொண்டவரின் வெற்றிக்குத் தம் கரையிலேயே நினைவுச் சின்னம் நாட்டியதில், முடி மட்டும் எஞ்சிய வேந்தரின் நிலை விளங்கும்.

1832இல் சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜியோடு, 1855இல், தஞ்சை அரசும் முடிவுற்றது. மனோராவில் இன்று கலம் கட்டும் ஒலி இல்லை. ஆயினும் அரண்மனைக் கணக்குகளும் கடிதங்களும் மோடி எழுத்தில் எஞ்சியுள்ளன. அவற்றுட் பலவற்றைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. அவர் வளர்த்த சரசுவதி மகால் நூலகம் இன்றும் கற்போர்க்குத் திறந்திருக்கிறது. உடன்படிக்கையால் பறிக்க இயலாத செல்வம் அதுவே.