மருந்தீந்த மேதை சுப்பாராவ்

நுளம்பாற் பரவும் யானைக்கால் நோய் ஒரு காலத்தில் கொழும்பு முதலான நம் கரையோர ஊர்களின் தீராத் துயரமாக விளங்கிற்று. 2016ஆம் ஆண்டில் இலங்கை அந்நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக நிலவாதவாறு அகற்றிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்முள் எத்தனை பேர், அதற்குத் துணைநின்ற டைஎதில்கார்பமசீன் என்னும் மாத்திரையை ஆக்கித் தந்த ஆய்வுக் குழுவின் தலைவரை அறிவோம்? எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் தேர்வில் மூன்றாம் முறையே வெற்றி கண்டார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். அவருடைய தமையனார் ஒருவரை ‘ஸ்புரூ’ என்னும் குடல்நோய் பலிகொண்டது. அவ்விழப்பு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மனைவியைத் தாயகத்தில் விட்டு, 1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சேர்ந்தார். பின்னர் தாயகம் திரும்பவேயில்லை. ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, தசைகளுக்கு ஆற்றல் வழங்கும் பாஸ்போகிரியேற்றினையும் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தார். 1940இல் லெடர்லே ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். 1945இல் அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். தமையனாரை மாய்த்த நோய்க்கு அதுவே மருந்தாயிற்று!

ஃபோலிக் அமிலம் உடலுட் சென்ற வடிவிலேயே பயன்படுவதில்லை. ஒரு நொதியம் அதனுடன் ஐதரசனைச் சேர்த்துத் தாழ்த்திய பின்னரே கலங்கள் அதனைக் கொண்டு பெருக முடியும். அடங்காது பெருகும் புற்றுநோய்க் கலங்களுக்கும் அது வேண்டும். எனவே, ஃபோலிக் அமிலம் போலத் தோற்றமளித்து நொதியத்தை ஏமாற்றும் அமினோப்டெரின் என்னும் பொருள் அவருடைய ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அதனை அளித்த பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், 10 பேருக்குத் தற்காலிக நலம் கிட்டியதை 1948இல் அறிவித்தார். அதன் உறவான மெதோட்ரெக்சேற்று இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் மருந்தாகிறது.

அமினோப்டெரின் தடுப்பது ஃபோலிக் அமிலத்தைத் தாழ்த்தும் அந்நொதியத்தையே என்பது 1950களின் இறுதியிலேயே தெளிவாயிற்று. அதனைக் காணச் சுப்பாராவ் இருக்கவில்லை. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், நியூயோர்க்கில் உயிர் நீத்தார். நோபல் பரிசும் அவரை நாடி வரவில்லை. எனினும், யானைக்கால் நோயின் அச்சமின்றி நம் கரையோரத்தில் நடமாடும் ஒவ்வொரு பிள்ளையும் அவர் உழைப்புக்குக் கடன்பட்டதேயாம்.