ஸ்ரீ சிதம்பரம் பிள்ளையும் ஆலைத் தொழிலாளர் சட்டமும்

ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரைச் சொன்னவுடன் தமிழ் மக்களின் நினைவுக்கு வருவன கப்பலும் செக்குமே. இவ்விரண்டுக்கும் நடுவே, 1908-ம் வருஷத்தில், அவர் ஆலைத் தொழிலாளருக்காகச் செய்த காரியத்தை நாம் போதிய அளவு பேசுவதில்லை. நூற்பாலைகளையும் விசைத்தறிகளையும் நம்பிப் பிழைக்கும் சூலூர் வட்டாரத்தாரும், கோயமுத்தூர் ஜில்லாவின் மற்றையோரும், முக்கியமாக அறிய வேண்டிய பகுதி அதுவே என்பது நம் அபிப்பிராயம்.

1872-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்த பிள்ளையவர்கள், வக்கீல் தொழிலில் நல்ல பெயரும் வருவாயும் பெற்றிருந்தார். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, அந்நியர் கம்பெனியோடு போட்டியிட்டார். வர்த்தகரும் தனவந்தரும் அவரைச் சூழ்ந்திருந்த காலம் அது. எனினும், அவ்வூர்க் கோரல் ஆலையில் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்த ஏழைகளின் குறை அவர் காதில் விழாமற் போகவில்லை.

அந்நாளில் தொழிலாளரைக் காக்கச் சட்டமே இல்லையென்று எண்ணுதல் தவறு. 1881-ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. நூறு பேருக்குக் குறையாத ஆலைகளில் ஆபத்தான யந்திரங்களுக்கு வேலியிட வேண்டும், ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்று அது விதித்தது. 1891-ல் அச்சட்டம் திருத்தப்பட்டு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், நடுப்பகலில் அரைமணி நேர ஓய்வும் முதலாளியின் கடமையாயின. இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு பொறாத லங்காஷயர் முதலாளிகளின் தூண்டுதல் இச்சட்டங்களுக்குப் பின்னே இருந்ததால், தேசபக்தர் பலர் இவற்றை எதிர்க்கவும் செய்தனர். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. ஆனால், சக்கரத்தில் கை சிக்கிய சிறுவனுக்கு, சட்டம் எவர் தூண்டுதலால் வந்தது என்பது பெரிதன்று.

வார ஓய்வு சட்டத்தில் ஏறிப் பதினேழு வருஷங்கள் கழித்து, 1908-ம் வருஷம் பிப்ரவரி மாத இறுதியில், ஆயிரத்துக்கு மேற்பட்ட கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று வார ஓய்வு நாள்! காகிதத்தில் பெற்றிருந்த உரிமையைத் தெருவில் நின்று கேட்க நேர்ந்தது. பிள்ளையவர்களும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசி அவர்களுக்கு உறுதியூட்டினார்கள். பிள்ளையவர்கள் ஊராரிடம் உதவி திரட்டி, வேலையிழந்த குடும்பங்கள் பட்டினியால் பணிந்துவிடாதபடி காத்தார். இரு வாரங்கள் முடிவதற்குள் ஆலை நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது; வேலை நேரம் குறைந்தது; ஞாயிறு ஓய்வும் கிடைத்தது.

இதை சர்க்கார் பொறுக்கவில்லை. மார்ச் 12-ந் தேதி பிள்ளையவர்கள் கைதானார். இம்முறை கூலிக்காக அன்றி அவருக்காகவே தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். ஜூலையில் ராஜத்துரோகக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அது மேல் விசாரணையில் குறைக்கப்பட்டது. கோயமுத்தூர்ச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட அவர் சணல் கிழிக்கும் யந்திரத்தைச் சுற்றி, உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசியும் நிலையை அடைந்தார். பின்னர் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். பிறர் உழைப்புக்கு வரம்பு கேட்டவர், வரம்பே இல்லாத உழைப்புக்கு ஆளானது நம் ஜில்லாவின் தலைநகரிலேதான்.

1912-ம் வருஷ இறுதியில் விடுதலையானபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. சென்னையில் வறுமையோடு போராடிக்கொண்டே தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசிவந்தார். பின்னர் வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமையைத் திரும்பப் பெற்றார். 1936-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

அவர் காலத்திலேயே 1923-ல் விபத்து நஷ்டஈட்டுச் சட்டமும், 1926-ல் தொழிற்சங்கச் சட்டமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ம் வருஷச் சட்டம், யந்திரங்களுக்குக் காப்பு அமைத்தல், தூசியை வெளியேற்றுதல், விபத்தை அதிகாரிகளுக்கு அறிவித்தல் ஆகியவற்றை முதலாளியின் கடமைகளாக்கியது. விசை கொண்டு நடக்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது. 2025-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியிருக்கிறது.

சூலூர், சோமனூர்ப் பக்கங்களில் சிறு தறிக்கூடங்கள் அநேகம். பத்துப் பேர் கூட இல்லாத கூடத்திலும் தறியின் இரைச்சல் செவியைக் கெடுக்கும். மூடப்படாத பட்டை விரலைப் பறிக்கும். நூற்பாலைப் பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்தால் மூச்சு அடைக்கும். ஆட்களை எண்ணிப் பார்த்து நோய் வருவதில்லை. ஆகையால், தொழிற்சாலை என்ற பெயருக்கு உட்படாத இடங்களிலும் பட்டைக்கு மூடி போடுவதையும், தூசி போக வழி செய்வதையும் முதலாளிமார் தாமாகவே மேற்கொள்வது நியாயம்.

கோயமுத்தூரில் பிள்ளையவர்களின் பெயரால் பூங்காவும் மைதானமும் உள்ளன. அவை போதா. சட்டம் எத்தனை நல்லதாயினும், அதன் ஷரத்துகளை அறிந்து கேட்பதற்கு ஒன்றுபட்ட தொழிலாளரும், அவர்கள் பக்கம் நிற்கக் கற்றவரும் இல்லாவிட்டால் அது 1891-ம் வருஷச் சட்டத்தைப் போலவே கிடக்கும். ஆலைவாசல்தோறும் தொழிலாளருக்கு அவர்களுடைய உரிமைகளைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையை நம் ஊழியர்கள் மேற்கொள்ள வேண்டும். கோரல் ஆலையின் வாசலில் அவர் தொடங்கிய வேலை அதுவே.